நெல்லும் ரப்பரும் எல்லை பிரித்த ஊர்: குருண் வட்டாரத் தமிழர் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கெடா மாநிலத் தமிழரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. முதல் பத்தியில் இராசேந்திர சோழனின் கடற்படை வரும். அடுத்ததில் பூஜாங் பள்ளத்தாக்கின் செங்கல் அடித்தளங்கள். மூன்றாம் பத்தியில் திடீரென்று ரப்பர் மரமும் கங்காணியும் வந்து நிற்பார்கள். இடைப்பட்ட ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஒரு பத்திப் பிரிவுக்குள் கரைந்துபோகின்றன. குடமுழுக்கு மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் இதைப் பார்க்கும்போது உரிமையோடு பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வேடுகளின் முன்னுரையிலும் இதே வரிசை தொடரும்போது கேள்வி எழுப்பத்தான் வேண்டியிருக்கிறது.

குருண் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர். ஜெராய் மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுங்கைப் பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடையில், சாலையும் இருப்புப்பாதையும் நெருங்கிவரும் இடத்தில் அது இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மெர்போக், செமிலிங், சுங்கை பத்து. கடாரத்தின், அதாவது பழங்காலக் கெடாவின், தொல்லியல் களங்கள் அங்கேதான். அவ்வளவு அருகில் இருப்பதால், குருண் தமிழரின் கதையையும் கடாரத்தோடு ஒட்டிவிடும் ஆசை இயல்பாக வருகிறது. அந்த ஒட்டு, நிலைக்காது என்பதோடு தீங்கும் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். குருண் வட்டாரத்தில் தமிழர் எங்கே குடியமர்ந்தனர், எங்கே அமரவில்லை என்பதைத் தீர்மானித்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உருவான ஓர் எல்லைக்கோடு: வடக்கே நெல் வயல், தெற்கே ரப்பர் மேடு. அந்தக் கோட்டின்மேல் நின்று பார்த்தால்தான் இவ்வூரின் வரலாறு தமிழர் வரலாறாகவும் கெடா வரலாறாகவும் ஒருசேரத் தெரியும்.

கடாரத்தின் நிழல்

மறுக்க முடியாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். 1025ஆம் ஆண்டையொட்டி நடந்த சோழர் படையெடுப்பைப் பற்றி இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பேசுகிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததையும், அதற்கு நிலம் விடப்பட்டதையும் லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த கோயில் அடித்தளங்களும், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் வெளிக்கொணர்ந்த இரும்புருக்கு உலைகளும், ஜெராய் அடிவாரம் பழங்கால வணிகத்தில் பெற்றிருந்த இடத்தை ஐயமின்றிக் காட்டுகின்றன. கடலில் வருபவர்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகர்கள் அங்கே தங்கினார்கள், வழிபட்டார்கள்.

அந்த வணிகர்களின் வழிவந்தோர்தான் குருண் தோட்டங்களில் பால் வெட்டினார்கள் என்பதற்கு மட்டும் சான்று எதுவும் இல்லை. 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெர்போக் முகத்துவாரத்தின் வணிகப் பெருமை ஓய்ந்தது. குடியிருப்புகளும் மதமும் மாறின. கெடா சுல்தானகம் பின்னர் சயாமின் மேலாண்மைக்குள் வந்தது. 1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலேய–சயாமிய உடன்படிக்கைதான் கெடாவைப் பிரிட்டனின் கைக்கு மாற்றியது. தோட்டத் தமிழர் பெருந்திரளாக வந்தது அதையொட்டிய ஆண்டுகளில். மக்கள்தொகைக் கணக்கு இதைப் பளிச்சென்று காட்டுகிறது: 1911இல் கெடா முழுவதிலும் இந்தியர் ஏறத்தாழ 6,000 பேர், 1921இல் 33,000, 1931இல் 50,000. இருபது ஆண்டுகளில் எட்டு மடங்கு. வழிவழியாக வாழ்ந்துவந்த ஒரு சமூகம் இவ்வாறு பெருகாது. இறக்குமதி செய்யப்பட்ட உழைப்பின் கணக்கு இது.

கடாரக் கதை செய்யும் தீங்கு எது? தமிழர் இந்த மண்ணுக்குப் படையோடு வந்தவர்கள் என்று அது சொல்கிறது. கூலிச்சீட்டோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் நிலத்தின்மீதான உரிமைக்கு அடிப்படையாக வெற்றியை வைத்துவிட்டு உழைப்பைக் கீழே இறக்கிவிடுகிறது. காட்டை வெட்டி, கொசுக்கடியில் செத்து, மேட்டுநிலத்தைத் தோட்டமாக்கியவர்களுக்கு வேறொரு பெருமை தேவைப்படுகிறது என்ற எண்ணமே அதன் அடியில் இருக்கிறது. அயலாருடன் பேசும்போதும் இது உதவுவதில்லை. படையெடுத்தவனின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு குடியுரிமை கேட்பது விசித்திரமான வாதம்.

கோடு எப்படி விழுந்தது

1885இல் கெடாவின் முதலமைச்சர் வான் முகமது சாமான் அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கு நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட நேர்கோடு, முடியும் இடம் குருண் பக்கத்து ஜெராய் அடிவாரம். இன்றும் அதை வான் மாட் சாமான் கால்வாய் என்றே அழைக்கிறார்கள். சதுப்பாகக் கிடந்த கடலோரச் சமவெளி அதனால் நெல் நிலமாக மாறியது. அரசகுடும்பத்தாரும் பிரபுக்களும் கால்வாய் ஓரத்து நிலங்களைப் பெற்றார்கள். மலாய்க் குடியானவர்கள் அங்கே குடியேறினார்கள். 1970இல் மூடா பாசனத் திட்டம் வந்து இருபோகம் விளையத் தொடங்கியபோது, கெடாவை நாட்டின் நெற்களஞ்சியம் என்று சொல்லும் வழக்கம் உறுதிப்பட்டது. அதன் முதல் படி அந்தக் கால்வாய்.

கால்வாய் நின்ற இடத்தில் நிலம் உயர்கிறது. நெல்லுக்கு ஆகாத அந்த மேடுபள்ளமான செம்மண் தரையில் முதலில் சீனர்கள் மரவள்ளி பயிரிட்டார்கள். பினாங்கு முதலீட்டில், மத்திய கெடாவிலும் தென் கெடாவிலும் மரவள்ளித் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியிருந்தன. மண் சாரமிழந்ததும் அடுத்த காட்டை எரிக்கும் வேளாண்மை அது. அப்படித் திருத்தப்பட்ட நிலத்திலும் அதைத் தாண்டிய காட்டிலும் 1909க்குப் பிறகு ரப்பர் ஏறியது. இருப்புப்பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் பாடாங் பெசாரில் சயாமியப் பாதையோடு இணைந்தது. குருணுக்கு நிலையம் கிடைத்தது. தோட்டத்து ரப்பர் பிறை வழியாகப் பினாங்குத் துறைமுகத்துக்குப் போகவும், பினாங்கில் இறங்கிய கூலியாட்கள் தோட்டத்துக்கு வரவும் வழி ஒன்றே.

1931இல் கெடாவின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இந்தப் பிரிவைச் சட்டமாகவும் எழுதிவைத்தது. ஒதுக்கப்பட்ட நிலம் மற்றவர் கைக்குப் போகாது. செட்டியார்களிடமும் சீன வணிகர்களிடமும் அடகு வைத்த நெல்வயல்கள் கைமாறிவிடும் என்ற அச்சத்தில் பிறந்த ஏற்பாடு அது. மலாய்க் குடியானவனின் நோக்கில் அதில் நியாயம் இருந்தது. தோட்டத் தமிழனுக்கு அதனால் நேரடியாக எந்த இழப்பும் இல்லை. அவனிடம் நிலம் வாங்கக் காசே இல்லை. மறைமுக விளைவு மட்டும் நீடித்தது. கங்காணியின் கணக்கிலிருந்து விடுபட்ட ஒருவன் பக்கத்தில் ஒரு காணி நிலம் வாங்கிக் குடியானவனாகும் வாய்ப்பு, இலங்கையின் மலையகத்தில் போலவே, இங்கும் மூடிக் கிடந்தது. தோட்டத்தை விட்டால் இன்னொரு தோட்டம், இல்லையேல் நாகப்பட்டினம்.

ஆகவே குருணுக்கு வடக்கே குவார் செம்படாக்கைத் தாண்டினால் தமிழ்க் குடியிருப்பு சட்டென்று மெலிகிறது. இரயில்வேயிலும் பொதுப்பணியிலும் இருந்தவர்கள், கடைக்காரர்கள், ஆங்காங்கே சில தோட்டங்கள், அவ்வளவே. தெற்கே பீடோங், சுங்கைப் பட்டாணி, உள்ளே புக்கிட் செலாம்பாவ், அப்பால் கூலிம் என்று தோட்டப்புறம் தொடர்கிறது. இந்த வேறுபாட்டை 11ஆம் நூற்றாண்டால் விளக்க முடியாது. மண்ணின் உயரமும் கால்வாயும் நிலச்சட்டமும் விளக்குகின்றன.

தோட்டம் நடுவே, ஊர் ஓரத்தில்

சிற்றூர் வரலாறு எழுதுபவர்கள் ஊரை நடுவில் வைத்துச் சுற்றுப்புறத்தைப் பின்னணியாக வரைவது வழக்கம். குருணில் அந்த முறை தடுமாறும். ஊர் என்பது ஒரு நிலையம், இரண்டு வரிசைச் சீனர் கடைகள், போலீஸ் நிலையம், சந்தை. அதற்கு உயிர் கொடுத்த மக்கள்தொகை மைல்கணக்கில் தள்ளித் தோட்டங்களில், லயங்களில் இருந்தது. தோட்டத்தில் கோயில், ஆயாக் கொட்டகை, மருந்தகம், மளிகைக் கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் இருந்தன. ஹார்வார்ட் போன்ற பெரிய தோட்டம் பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் தன்னளவில் ஒரு கிராமமாக இயங்கியது. அந்தப் பிரிவு எண்களைத் தமிழ்ப்பள்ளிகள் பின்னரும் தம் பெயரில் சுமந்தன. தோட்டத்து மனிதர் ஊருக்குப் போவது சம்பள நாளில், திருவிழாச் சாமான் வாங்க, அல்லது தாய்நாடு திரும்பக் கப்பலேற.

வந்தவர்களின் வழி மலாயா முழுவதற்கும் பொதுவானது, விரிக்கத் தேவையில்லை. 1910க்குப் பின் ஒப்பந்தக் கூலி முறை மறைந்து கங்காணி முறை மேலோங்கியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கை அடைந்தவர்கள் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். பிறகு பிறையில் இரயில். 1920களின் இறுதியில் எளிதில் எட்டக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற அளவில் நிர்ணயக் கூலி இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அது ஏறத்தாழப் பாதிவரை சரிந்தது. மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியது. குருண் தோட்டங்களில் அன்று இருந்தவர்கள்தான், சில விலக்குகளோடு, பின்னாளைய சமூகத்தின் வேர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்ட ஆவணங்கள் இந்த மக்களை எண்ணிக்கையாகத்தான் காட்டுகின்றன: காலைப் பெரட்டில் (ஆளெண்ணும் அணிவகுப்பில்) எத்தனை தலை, எத்தனை ராத்தல் பால், எத்தனை மரணம். கெடாவின் பிரிட்டிஷ் ஆலோசகர் அனுப்பிய ஆண்டறிக்கைகளும், கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்ட் எழுதிய அறிக்கைகளும் இதில் வேறுபட்டவை அல்ல. பெயரும் குரலும் வேறிடங்களில் கிடைக்கும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றில் தோட்டங்களிலிருந்து போன கடிதங்களும் சங்கச் செய்திகளும், நான் மேலே சற்றுக் கிண்டலாகக் குறிப்பிட்ட குடமுழுக்கு மலர்களும் அத்தகையவை. அம்மலர்களின் முதல் மூன்று பக்கத்தைத் தள்ளிவிட்டு நன்கொடையாளர் பட்டியலுக்கு நேரே போனால், எந்தப் பிரிவில் எந்த மண்டோர் (மேற்பார்வையாளர்), எந்தக் கிராணியார் (எழுத்தர்), எந்தக் கடைக்காரர் என்று ஒரு சமூகப் படிநிலையே விரிகிறது.

1941 டிசம்பர் முதல் 1947 ஏப்ரல் வரை

குருண் என்ற பெயர் உலகப் போர் நூல்களில் ஒரே ஓரிடத்தில் வருகிறது. வடக்கே ஜித்ராவில் ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கிய பதினோராம் இந்தியப் படைப்பிரிவு, 1941 டிசம்பர் 14 அன்று குருணுக்குச் சற்று வடக்கே நிலைகொண்டது. மேற்கே ஜெராயின் அடர்காடு, கிழக்கே குன்றுகளும் காடும், நடுவே சாலையும் இருப்புப்பாதையும் செல்லும் இடுக்கு. தளபதிகளின் பார்வையில் மலாயாவிலேயே இயற்கை அரண் மிகுந்த நிலைகளில் அது ஒன்று. நெல்லும் ரப்பரும் பிரியும் அதே கோடுதான் இராணுவத்தாருக்கும் கோடாகத் தெரிந்தது. களைத்துப்போயிருந்த படையினருக்கு அந்த அரணைப் பயன்படுத்த அவகாசம் இல்லை. 15ஆம் தேதி விடியுமுன் ஜப்பானியர் சாலைவழியே ஊடுருவினார்கள். ஈஸ்ட் சர்ரே படையணியின் தலைமையிடமும் ஆறாம் பிரிகேடின் தலைமையிடமும் அடுத்தடுத்து அழிந்தன. படைப்பிரிவின் தளபதி மர்ரே-லயன் தம் படையை மூடா ஆற்றுக்குத் தெற்கே இழுத்துக்கொண்டார். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. அதே வாரத்தில் பினாங்கு கைவிடப்பட்டது.

அதே நாட்களில், வடக்கே அலோர் ஸ்டாரில், ஜித்ராவில் சிதறிய 1/14 பஞ்சாப் படையணியின் கேப்டன் மோகன் சிங் ஜப்பானிய உளவுப் பிரிவின் மேஜர் ஃபூஜிவாராவையும் கியானி பிரீதம் சிங்கையும் சந்தித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் கரு அங்கே உருவானது. குருணில் இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டனுக்காக மடிந்துகொண்டிருந்தபோது ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அந்தப் பேச்சு நடந்தது. நம் எழுத்துகளில் இரண்டாவது மட்டும் விரிவாகவும் முதலாவது அடிக்குறிப்பாகவும் இடம்பெறுகிறது. தோட்டத்து மக்களுக்கு இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. அவர்கள் நேரில் கண்டது வேறு: துரைமார் இரவோடிரவாகக் காணாமல் போனது, அரிசி நின்றது, ரப்பருக்கு விலையே இல்லாமல் போனது.

அடுத்து வந்தது இரயில். சயாம் மரண இரயில்பாதை 1942 நடுப்பகுதி முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியரால் கட்டப்பட்டது. மலாயாவின் மேற்குக்கரைத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் பாடாங் பெசார் வழியாகவே சயாமுக்குள் கொண்டுபோகப்பட்டனர். அந்தப் பாதையில் குருண் நிலையம் இருக்கிறது. கெடாத் தோட்டத்தார் மட்டுமின்றி, சிலாங்கூரிலும் பேராக்கிலும் ஏற்றப்பட்டவர்களும் இதே தண்டவாளத்தில் வடக்கே போனார்கள். எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. மரண இரயிலின் பயணிகள் போன திசைக்கு அவர்களுடைய தோட்டங்களும் நிர்வாகத்தில் போய்ச் சேர்ந்தன. சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’ நாவல் இந்தக் காலத்தை எடுத்துக்கொள்கிறது, கெடாக்காரரான சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ தோட்ட வாழ்வின் அடித்தளத்தைத் தோண்டுகிறது. இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை புனைகதை வரலாற்றெழுத்தைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டது என்பது ஆய்வாளர்களுக்குச் சற்று வெட்கக்கேடுதான்.

போர் முடிந்தபின் திரும்பி வந்த துரைமார் பழைய தோட்டத்தை எதிர்பார்த்தார்கள். கிடைத்தது வேறு. ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. சீருடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு என இந்திய தேசிய இராணுவத்தின் வாடை அதில் இருந்தது. அதன் முதல் பகை கள். தோட்டங்களில் கள்ளுக்கடைகள் அரசின் அனுமதியோடு நடந்தன. அவற்றின் வருமானத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. குடிக்கும் கூலியைக் குடியின் வருமானத்தால் கவனித்துக்கொள்ளும் இந்த விநோதச் சுழலைத் தொண்டர் படை உடைக்க முயன்றது. பிறகு கூலி, மரியாதை, தோட்ட நிர்வாகத்தின் கைநீட்டல் என்று கோரிக்கைகள் விரிந்தன. கெடா ரப்பர்த் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பு இதனோடு கைகோத்து வளர்ந்தது.

1947இன் முதல் நான்கு மாதங்களில் மோதல் முற்றியது. பீடோங்கில் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் புகுந்து ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச்சில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மோதலும் கூட்டமான கைதுகளும். ஏப்ரல் இறுதியில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஓர் உயிர் போனது. மைக்கேல் ஸ்டென்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்நிகழ்வுகளை 1948 ஜூன் அவசரகாலத்துக்கு முந்திய தொழிற்சங்க எழுச்சியின் பகுதியாகப் படிக்கிறார்கள். அது சரியே. தமிழில் எழுதுவோர் சிலர் இதைக் காந்திய மதுவிலக்காகவும், வேறு சிலர் 1929இல் பெரியார் பினாங்கில் வந்திறங்கியதிலிருந்து பரவிய சீர்திருத்த அலையின் விளைவாகவும் காண்கிறார்கள். அவற்றிலும் உண்மை உண்டு. தொண்டர் படையைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. குடித்தவர்களை விசாரித்துத் தண்டித்த அதன் கண்டிப்பு தோட்டத்துக்குள்ளேயே சிலருக்குக் கசப்பாக இருந்திருக்கும்.

என் கவனம் இந்த விளக்கங்கள் தொடாத ஒன்றின் மீது: இடம். அதுவரை தோட்டத் தமிழர் ஊருக்கு வாங்குபவராக, பயணியாக மட்டுமே வந்தார்கள். 1947இல் அவர்கள் பீடோங் சாலையில் அணியாக நின்றார்கள். தோட்ட எல்லைக்குள் துரையின் அதிகாரம் தனிச் சட்டம் போன்றது. சாலை அரசின் இடம், எல்லாருடைய இடம். நிர்வாகம் இதைத் தோட்டத்து ஒழுங்குப் பிரச்சினையாகக் கொள்ளாமல் போலீஸ் பிரச்சினையாக நடத்தியதன் காரணம் இதுவே என்று கருதுகிறேன். குருண் வட்டாரத் தமிழர் பொதுவெளியில் ஒரு மக்கள்கூட்டமாகத் தோன்றிய நாள் எது என்று கேட்டால், சோழர் கப்பல் நங்கூரமிட்ட நாளைவிட இந்த நாளுக்குத்தான் ஆவணம் இருக்கிறது.

துண்டாடலும் அதன் பின்னும்

1950களில் ஐரோப்பிய உரிமையாளர்கள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். கெடாவில் இது மும்முரமாக நடந்தது. அந்த வணிகத்தில் பெரும்பெயர் பெற்றவர்களில் என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளை போன்ற தமிழ்ச் செல்வரும் இருந்தார் என்பதை நம் எழுத்துகள் மென்று விழுங்குகின்றன. துண்டான நிலத்தில் லயத்துக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் பொறுப்பேற்பவர் இல்லை. பொருளியலாளர் உங்கு அஜீசின் ஆய்வு 1960களின் தொடக்கத்தில் இச்சிக்கலை அரசின் முன் வைத்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பத்து வெள்ளிச் சேமிப்புகளைத் திரட்டினார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். துண்டாடலின் அடி எங்கே பலமாக விழுந்ததோ அங்கேயே மருந்தும் முதலில் தேடப்பட்டது.

அது போதவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்ற விதி, சிவப்பு அடையாள அட்டைக்காரர்களைத் தோட்டத்திலிருந்தும் பிடுங்கியது. பல்லாயிரம் பேர் தாங்கள் மறந்துபோன அல்லது பார்த்தே இராத தமிழகக் கிராமங்களுக்குக் கப்பலேறினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு ஆள் குறைவு போதும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை குருணைத் தொட்டுச் சென்றது. 1990களில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலையும் பெட்ரோனாசின் யூரியா உர ஆலையும் வந்தன. ரப்பர் மேட்டில் தொழிற்பேட்டை எழ, லயத்துக் குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பேட்டைகளுக்குப் போயின. நெல்வயல் அப்படியே இருந்தது. அதைக் காக்கச் சட்டமும் பாசனமும் இருந்தன. கோட்டின் ஒரு பக்கம் அசையவில்லை, மறுபக்கம் முழுவதும் உருமாறியது.

இத்தகைய ஊரின் வரலாற்றை யார் எழுதுவது என்ற கேள்வி குருணுக்கு மட்டும் உரியதல்ல. லிதுவேனியாவின் வடகிழக்கு மூலையில் ஏரிகள் சூழ்ந்த ஜராசாய் என்ற சிற்றூர் இருக்கிறது. பீட்டர்ஸ்பர்க்–வார்சா பெருஞ்சாலை அதன் வழியே போனதால் வளர்ந்தது. 1836இல் ரஷ்யப் பேரரசன் அதற்கு வேறு பெயர் சூட்டினான். முதல் உலகப் போருக்குப் பின் ஆட்சி மாறியபோது பெயரும் மாறியது. அவ்வூரின் யூதர்கள் 1941இல் கொல்லப்பட்டார்கள். அந்நாட்டின் பல சிற்றூர்களுக்கு, தப்பிப் பிழைத்தவர்களும் முன்பே வெளியேறியவர்களும் தொலைதேசங்களிலிருந்து நினைவு நூல்கள் தொகுத்தார்கள்: எந்தத் தெருவில் யார் கடை, எந்தத் தொழுகைக் கூடத்தில் யார் பாடினார், யார் எங்கே இறந்தார் என்று. தோட்டத் தமிழருக்கு நேர்ந்தது படுகொலை அல்ல; இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். கலைந்துபோன ஒரு சமூகம் தன் ஊரை ஆள் ஆளாக, வீடு வீடாக எழுதிவைக்கும் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். லயத்து வரிசைகளை நினைவிலிருந்து வரைந்து, ஒவ்வொரு கதவுக்கும் பெயர் எழுதக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நில அலுவலகப் பதிவேடு இந்தப் பணியில் பெரிதாக உதவாது. அதில் விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் உண்டு. மூன்று தலைமுறை அங்கே பால் வெட்டியவர் பெயர் இராது. இம்மக்கள் பெயரோடும் முகவரியோடும் அரசின் ஏட்டில் வரிசையாகத் தோன்றியது குடியுரிமை பெற்ற பிறகு, வாக்காளர் பட்டியலில். 1950களின் பட்டியல்களைத் தோட்டப் பிரிவு வாரியாக எடுத்து, பிற்காலப் பட்டியல்களோடு ஒப்பிட்டால், எந்தப் பிரிவு எந்தத் தாமானுக்குப் போனது, எது சிதறியது, எது முழுவதாகவே மறைந்தது என்று ஓரளவு தொடரலாம். அரசியல்வாதிகள் இந்தக் கணக்கை ஆய்வாளர்களுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். 2009 ஏப்ரல் 7 அன்று நடந்த புக்கிட் செலாம்பாவ் சட்டமன்ற இடைத்தேர்தலில் 15 பேர் போட்டியிட்டார்கள். முன்னணி வேட்பாளர்கள் இருவரும் தமிழர்கள். இல்லாமல் போன தோட்டங்களின் வாக்குகள் எந்தெந்தத் தாமான்களில் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.